மந்திரம் இருக்கட்டும், பெயர்களை எழுதுங்கள்

ஆஸ்திரியாவின் தென்பகுதியில் கிளாகன்ஃபுர்ட் என்றொரு நகரம் இருக்கிறது. ரோமானியர் காலத்தில் அதன் அருகே விருனும் என்ற ஊர் இருந்தது. அங்கே கிடைத்த ஒரு வெண்கலத் தகட்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கி.பி. 183இல், இடிந்துபோன தங்கள் கோயிலைத் திரும்ப எடுத்துக் கட்டிய 34 பேர் அந்தத் தகட்டில் தங்கள் பெயர்களைப் பொறித்தார்கள். அடுத்த ஆண்டு ஜூன் 26ஆம் தேதி அவர்கள் ஒன்றுகூடியிருக்கிறார்கள். கூடியதற்குக் காரணம், நேர்ந்த சாவுகள். ஐந்து பேருடைய பெயருக்கு அருகில் இறந்ததற்கான குறி இருக்கிறது. கொள்ளைநோய் வந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்கள் கருத்து. அதன் பிறகு புதிது புதிதாகச் சேர்ந்தவர்களின் பெயர்கள் ஏறிக்கொண்டே போகின்றன. இருபது ஆண்டுகளுக்குள் 98 பெயர்கள்.

அவர்கள் வணங்கிய தெய்வம் மித்ராஸ். தகட்டில் மந்திரம் கிடையாது, பூஜை முறை கிடையாது, எதை நம்பினார்கள் என்று ஒரு வரி கிடையாது. ஆனால் ஐரோப்பா முழுக்கச் சிதறிக் கிடக்கும் நூற்றுக்கணக்கான மித்ராஸ் சிற்பங்கள் சொல்லாத ஒன்றை அது சொல்கிறது. இன்னார் இருந்தார், இன்ன வருடம் சேர்ந்தார், அவருக்குப் பின் இன்னார் வந்தார். நன்னிலம் வட்டாரத்தில் அரசுப் பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவள் நான். அந்தப் பெயர்ப் பட்டியலைப் பற்றிப் படித்த நாளிலிருந்து எங்கள் பக்கத்துத் தீட்சை மரபுகளைப் பற்றிய கவலை எனக்குக் கூடிவிட்டது. அந்தக் கவலையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மித்ராஸ் வழிபாடு கி.பி. முதல் நூற்றாண்டின் இறுதியில் ரோமப் பேரரசில் வெளியே தெரியத் தொடங்கி, நான்காம் நூற்றாண்டோடு மறைந்துபோன ஒரு மறைசமயம். தீட்சை பெற்றவருக்கு மட்டும்தான் கதவு திறக்கும். பிரிட்டனில் ஹேட்ரியன் சுவரை ஒட்டிய காவல் முகாம்கள் தொடங்கி, சிரியாவில் யூஃப்ரடீஸ் கரையிலிருந்த டூரா யூரோபோஸ் வரைக்கும் இதன் கோயில்கள் கிடைத்திருக்கின்றன. கோயில் என்றால் கோபுரமும் பிராகாரமும் நினைவுக்கு வரக்கூடாது. தரைக்குக் கீழே, குகைபோல அமைத்த நீளமான சிறிய அறை. இரண்டு பக்கமும் திண்ணை. அதில் சாய்ந்தபடி விருந்துண்பார்கள். முப்பது, நாற்பது பேருக்கு மேல் உட்கார இடமிருக்காது.

அறையின் கடைசிச் சுவரில் எங்கு போனாலும் ஒரே காட்சி. குல்லாய் அணிந்த இளைஞன் ஒரு காளையை முழங்காலால் அழுத்திக் கழுத்தில் கத்தியை இறக்குகிறான். முகத்தை மட்டும் வேறு பக்கம் திருப்பியிருக்கிறான். வழியும் ரத்தத்தை நாயும் பாம்பும் நக்க வருகின்றன. கீழே ஒரு தேள். காளையின் வால்நுனியில் கோதுமைக் கதிர் முளைத்திருக்கிறது. இரு பக்கமும் இரண்டு பேர், ஒருவன் தீப்பந்தத்தை மேல்நோக்கியும் மற்றவன் கீழ்நோக்கியும் பிடித்திருக்கிறார்கள். மேலே ஒரு மூலையில் சூரியன், இன்னொரு மூலையில் சந்திரன். இந்தக் கதையை யாரும் எழுதிவைக்கவில்லை. வெளியாட்கள் அங்கங்கே சொன்ன சில வரிகள் உண்டு. உள்ளே இருந்தவர்கள் தங்கள் சமயத்தை விளக்கி எழுதிய நூல் ஒன்றுகூட நம் கைக்கு வந்து சேரவில்லை.

ஏழு படிகள் இருந்தன என்பது தெரியும். காக்கை, மணப்பெண், படைவீரன், சிங்கம், பாரசீகன், சூரியனின் ஓட்டக்காரன், தந்தை. ரோமின் துறைமுகமான ஓஸ்தியாவில் ஒரு கோயில் தரையில் இந்த ஏழுக்கும் உரிய அடையாளங்களைப் பதிகற்களால் வரிசையாகப் பதித்திருக்கிறார்கள். மூன்றாம் நூற்றாண்டுத் தத்துவஞானி போர்ஃபிரி ஒரு சேதி சொல்கிறார். சிங்கப் படிக்கு ஏறுகிறவரின் கைகளைத் தண்ணீரால் கழுவுவதில்லை, தேனால் கழுவுவார்கள். நாக்கையும் தேனால் தூய்மை செய்வார்கள். இதைப் படித்தபோது எங்கள் ஊர்ப் பெரிய கோயில் நினைவு வந்தது. கோச்செங்கட் சோழனின் மாடக்கோயில், சுந்தரர் பாடிய தலம், சுவாமி பெயர் மதுவனேசுவரர். தேவர்கள் தேனீக்களாக உருமாறி இங்கே வழிபட்டார்கள் என்பது தலபுராணம். ரோமுக்கும் நன்னிலத்துக்கும் இதில் எந்தத் தொடர்பும் இல்லை. தேனைத் தூய பொருளாக மனிதர்கள் பல இடங்களில் கண்டுகொண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். எங்கள் தேன் கதை கோயிலுக்கு வருகிற எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். அவர்களுடைய தேன் சடங்கோ, வெளியே நின்ற ஒருவர் போகிற போக்கில் எழுதியதால் பிழைத்தது.

பெல்ஜியத்தில் டீனென் என்ற ஊரில் ஒரு மித்ராஸ் கோயிலின் அருகே குழி தோண்டிப் புதைத்த விருந்து மிச்சம் கிடைத்தது. மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் உண்ட விருந்து. எலும்புகளில் கோழி எலும்பே மிகுதி, அதிலும் பெரும்பாலும் சேவல். குகைச் சுவரில் காளையைக் கொன்றார்கள், விருந்தில் சேவல் சாப்பிட்டார்கள். உள்ளே போனவர்கள் பல தரத்தவர்: படைவீரர்கள், சுங்க அலுவலர்கள், விடுதலை பெற்ற அடிமைகள், விடுதலை பெறாத அடிமைகளும்கூட. வெளியே எஜமானும் அடிமையுமாக இருந்தவர்கள் உள்ளே ஒரே திண்ணையில் சாய்ந்திருக்க முடியும். இந்த ஓர் அம்சத்துக்காக அந்தச் சமயத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. பெண்களை மட்டும் அவர்கள் சேர்க்கவில்லை. கோயிலுக்குள் மனைவிக்கும் மகளுக்கும் இடம் இல்லாத ஒரு சமயம், வீட்டுக்குள் போய் வேர் விட முடியாது. கி.பி. 308இல் கார்னுண்டும் நகரில் பேரரசர்களே கூடி ஒரு மித்ராஸ் கோயிலைப் புதுப்பித்தார்கள். அடுத்த நூறு ஆண்டுக்குள் அரசு வேறு பக்கம் சாய்ந்தது. தாங்கிப் பிடிக்கக் குடும்பங்கள் இல்லை. ரோமில் சாந்தா பிரிஸ்கா தேவாலயத்தின் அடியில் இருக்கும் மித்ராஸ் கோயிலில், சுவரோவியத்தின் முகங்களைக் கோடரியால் கொத்தியிருக்கிறார்கள். அந்தக் கோயிலை மூடி மேலே தேவாலயம் எழுந்தது.

லண்டனில் 1954இல், போரில் குண்டு விழுந்த ஓர் இடத்தில் அகழாய்வாளர் டபிள்யூ. எஃப். கிரைம்ஸ் தோண்டியபோது மித்ராஸின் பளிங்குத் தலை கிடைத்தது. பார்க்க ஆயிரக்கணக்கானவர்கள் தெருவில் வரிசை கட்டினார்கள். ஏறத்தாழ 1,700 ஆண்டுகளுக்கு முன்பு சிலர் மட்டும் நுழைந்த அறையைப் பார்க்க அத்தனை கூட்டம். 2017இலிருந்து அதே இடத்தில், ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்தின் அடியில் அந்தக் கோயில் மக்கள் பார்வைக்கு இருக்கிறது. கல் கிடைத்தது, கூட்டம் வந்தது. கூட்டத்துக்குச் சொல்ல அந்தச் சமயத்திடமிருந்து ஒரு சொல் இல்லை.

அந்த வெற்றிடத்தில்தான் வதந்தி குடியேறுகிறது. ஒவ்வொரு மார்கழியிலும் என் கைபேசிக்கு இரண்டு வகைச் செய்திகள் வருகின்றன. ஒன்று, கிறிஸ்துமஸ் என்பது மித்ராஸின் பிறந்தநாள், கிறிஸ்தவர்கள் திருடிக்கொண்டார்கள் என்பது. மற்றது, மித்ராஸ் என்பவன் நம் வேதத்து மித்ரன்தான், ரோமாபுரியே ஒரு காலத்தில் நம் கடவுளைக் கும்பிட்டது என்பது. இரண்டையும் அனுப்புகிறவர்களில் என்னிடம் படித்த பிள்ளைகளும் உண்டு. டிசம்பர் 25ஐ வெல்லப்படாதவனின் பிறந்தநாள் என்று குறிப்பது கி.பி. 354ஆம் ஆண்டின் ஒரு ரோம நாள்காட்டித் தொகுப்பு. அதில் மித்ராஸ் பெயர் இல்லை. மித்ராஸ் அன்று பிறந்ததாக மித்ராஸ் வழிபாட்டினர் கருதியதற்குச் சான்றும் கிடையாது. அடுத்தவர் பண்டிகையைக் கேலி செய்ய, செத்துப்போன ஒரு சமயத்தின் பெயரைப் பயன்படுத்துவது எனக்கு வேதனையாக இருக்கிறது.

இரண்டாவது செய்தியில் ஒரு துளி உண்மை உண்டு. துருக்கியில் ஹத்துசா என்ற பழைய தலைநகரில் கிடைத்த, கி.மு. 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த உடன்படிக்கையில் மித்ரன், வருணன், இந்திரன், நாசத்தியர் ஆகியோர் சாட்சித் தெய்வங்களாக வருகிறார்கள். ரிக் வேதத்தில் மித்ரனுக்கென்று தனியாக ஒரே ஒரு சூக்தம் இருக்கிறது. காவிரிக் கரை ஊர்களில் காலைச் சந்தியாவந்தனத்தில் இன்றும் மித்ரனுக்கு வணக்கம் உண்டு. ஈரானியரும் மித்ரனை வணங்கினார்கள். பெல்ஜிய அறிஞர் ஃபிரான்ஸ் க்யூமோன் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், ரோம மித்ராஸ் வழிபாடு ஈரானிலிருந்து அப்படியே போனது என்று எழுதினார். மூன்று தலைமுறை அதை நம்பியது. 1971இல் மான்செஸ்டரில் மித்ராஸ் ஆய்வாளர்கள் கூடிய மாநாட்டில் அந்தக் கருத்து ஆட்டம் கண்டது. பெயரும் சில சாயல்களும் கிழக்கிலிருந்து வந்தவை, குகையும் காளையும் ஏழு படிகளும் ரோமப் பேரரசுக்குள் உருவானவை என்பதே இன்று பெரும்பாலோர் நிலை. ஆகவே ரோமாபுரி நம் கடவுளைக் கும்பிட்டது என்று மார்தட்ட எதுவுமில்லை.

ஈரானியச் சூரிய வழிபாடு இந்தியாவுக்கு வந்த கதை வேறு, அது உண்மையான கதை. மகர் எனப்பட்ட பூசாரிகள் வடமேற்கு வழியாக வந்தார்கள். சூரியன் சிலையை நிறுவ மகர்களே உரியவர்கள் என்று ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் எழுதுகிறார். முல்தானில் பெரிய சூரியன் கோயில் இருந்தது. வட இந்தியச் சிற்பங்களில் சூரியன் குதிரை வீரனைப்போல முழங்கால்வரை காலணி போட்டு நிற்பது அவர்கள் கொண்டுவந்த வழக்கம். அந்தக் காலணி விந்தியம் தாண்டி நம்மிடம் வந்து சேரவில்லை. முதற் குலோத்துங்கன் காலத்துச் சூரியனார் கோயிலுக்குப் போனாலும் சரி, எந்தச் சோழர் கோயில் பிராகாரத்தில் பார்த்தாலும் சரி, நம் சூரியன் இரண்டு தாமரைகளைத் தோளுயரம் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு நிற்கிறான். வயலில் இறங்குகிறவன் கால் அது. எங்கள் வட்டத்தில் பேரளம் பக்கத்துத் திருமீயச்சூரில், அருணனை ஏளனம் செய்த சூரியன் சாபம் பெற்று ஒளியிழந்து, மேகநாதரை வணங்கி மீண்டதாகத் தலபுராணம் சொல்கிறது. உடல் குறையைக் கேலி செய்ததற்குச் சூரியனே தண்டனை பட்ட ஊர் அது. வகுப்பில் நான் விரும்பிச் சொன்ன கதைகளில் ஒன்று.

அதே திருமீயச்சூரில்தான் என் கவலையும் தொடங்குகிறது. அங்கே அம்மன் லலிதாம்பிகை. லலிதா சஹஸ்ரநாமத்தோடு சேர்த்துப் பேசப்படும் தலம். அந்த நூலின் பலன் சொல்லும் பகுதியே, ஸ்ரீவித்யை தீட்சை இல்லாதவருக்கு இதைச் சொல்லக்கூடாது என்று எச்சரிக்கிறது. இன்றைக்கு வெள்ளிக்கிழமை மாலையில் எங்கள் தெருப் பெண்கள், பூ கட்டுகிற அம்மா உட்பட, சின்ன அச்சுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு ஆயிரம் பெயரையும் ஒரே குரலில் சொல்கிறார்கள். பூட்டு எப்போது திறந்தது, யார் திறந்தார்கள், யாருக்கு மனமில்லாமல் இருந்தது என்று கேட்டால் சொல்ல ஆள் இல்லை.

ஸ்ரீவித்யை என்பது மித்ராஸ் வழிபாட்டைப் போலவே குரு வாயிலாகப் பெறுவது, படிப்படியாக ஏறுவது, வெளியே சொல்லாதது. தீட்சை பெற்றவருக்குப் புதுப் பெயர் வைப்பார்கள், பெரும்பாலும் ஆனந்தநாதர் என்று முடியும். காவிரிப் படுகை இதற்குப் பெரிய இருப்பிடம். சஹஸ்ரநாமத்துக்கு உரை எழுதிய பாஸ்கரராயர் 18ஆம் நூற்றாண்டில் குத்தாலம் பக்கத்தில் காவிரிக் கரையில்தான் வாழ்ந்தார். பாஸ்கரராஜபுரம் என்ற ஊர்ப் பெயர் அவரைச் சொல்கிறது. அவருடைய மனைவி ஆனந்தியும் தீட்சை பெற்றவர், பத்மாவதியம்பிகை என்பது அவருடைய தீட்சைப் பெயர். மித்ராஸ் குகை செய்யாததை நம் படுகை செய்திருக்கிறது. ஆனால் ஆனந்திக்குப் பிறகு இந்தப் பக்கத்தில் தீட்சை பெற்ற பெண்கள் யார் யார்? ஒரு பட்டியல் கிடையாது. சைவ ஆதீனங்களின் சமய, விசேட, நிர்வாண தீட்சைகளுக்கும் இதே கேள்வி பொருந்தும். குருமகாசந்நிதானங்களின் வரிசை ஒழுங்காக இருக்கிறது. தீட்சை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பி, வயலையும் பார்த்து அனுட்டானத்தையும் விடாமல் செய்த குடியானவர்களின் பெயர் எங்கே?

நான் இசைவேளாளர் குடும்பத்துப் பெண். தாத்தா நாகஸ்வரம். என் பெரியத்தை, அப்பாவின் மூத்த சகோதரி, நவராத்திரி ஒன்பது நாளும் முத்துசுவாமி தீட்சிதரின் கமலாம்பா நவாவரணக் கீர்த்தனைகளைத் திருவாரூரை நோக்கி உட்கார்ந்து பாடுவார். தீட்சிதர் திருவாரூரில் பிறந்தவர், சிதம்பரநாத யோகியிடம் காசியில் ஸ்ரீவித்யை பெற்றவர். ஸ்ரீசக்கரத்தின் ஒன்பது சுற்றுகளை, வெளிக்கோட்டையிலிருந்து நடுப்புள்ளி வரைக்கும், ஆனந்தபைரவி, கல்யாணி, சங்கராபரணம், காம்போதி, பைரவி, புன்னாகவராளி, சகானா, கண்டா, ஆகிரி என்று ஒன்பது ராகங்களில் வைத்தார். ஒவ்வொரு கீர்த்தனையிலும் அந்தச் சுற்றின் பெயரும் யோகினியின் பெயரும் வரும். எட்டு வேற்றுமையும் எட்டுப் பாட்டில் வர, ஒன்பதாவதில் எல்லா வேற்றுமையும் சேர்ந்து வரும். தோடியில் தியானம், ஸ்ரீராகத்தில் மங்களம். பூஜை அறைக்குள் இருந்த ஒரு முழு ஞானக் கட்டமைப்பு, திண்ணையில் உட்கார்ந்து கேட்கிறவன் காதில் விழும்படி வெளியே வந்தது.

ஒருமுறை கேட்டேன், "அத்தை, இந்த யோகினி பேருக்கெல்லாம் உங்களுக்கு யாரு அர்த்தம் சொன்னாங்க?"

"யாரும் சொல்லலடி. கமலாம்பா சந்நிதியில நூறு தடவ பாடினா தன்னால புரியும். நமக்கு மந்திரம் குடுக்க மாட்டாங்க, பாட்டக் குடுத்துட்டாரே மகராசன், அது போதாதா?"

அத்தைக்குப் போதும். எனக்கு முழுக்கப் போதவில்லை. மந்திரம் ஏன் கொடுக்க மாட்டார்கள் என்ற கேள்வி எனக்கு இன்றைக்கும் இருக்கிறது. ரகசியம் என்பது பக்குவம் வராதவனிடமிருந்து ஒரு பொருளைக் காப்பது. சாதியைக் காப்பதற்கும் அதே சொல் பயன்பட்டது. இரண்டும் நடந்தன, இரண்டையும் பதிய வேண்டும். தீட்சிதரிடம் பாடம் கேட்டவர்களில் மத்தளக்காரர் தம்பியப்பன் உண்டு, தஞ்சை நால்வர் உண்டு, நடனமாடிய திருவாரூர்க் கமலம் உண்டு. கீர்த்தனைகளைத் தலைமுறை தலைமுறையாகத் தாங்கியவர்களில் வீணை தனம்மாள் உண்டு. பூஜை அறை வாசலில் நிறுத்தப்பட்ட குலங்கள்தான் பாட்டைச் சுமந்து வந்தன. திருவாரூரின் தியாகேசரே அப்படித்தான் இருக்கிறார். திருமேனி ஆண்டு முழுவதும் மறைவு, முகம் மட்டும் தெரியும். மார்கழித் திருவாதிரையிலும் பங்குனி உத்திரத்திலும் பாத தரிசனம். அன்றைக்கு வருகிற கூட்டத்தில் நீ தீட்சை வாங்கியவனா என்று யாரும் கேட்பதில்லை.

பாட்டும் தானாகப் பிழைக்கவில்லை. தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர். அவருடைய வழியில் வந்த எட்டயபுரம் சுப்பராம தீட்சிதர் கையில் குடும்பச் சொத்தாக இருந்த கீர்த்தனைகள் அவை. அவற்றைச் சுரம் எழுதி அச்சில் ஏற்ற வேண்டும் என்று விடாமல் முயன்றவர் சின்னசுவாமி முதலியார், ஒரு கிறிஸ்தவத் தமிழர். கண்பார்வை மங்கிய நிலையிலும் அவர் விடவில்லை. எட்டயபுரம் ராஜாவும் சொல்ல, சுப்பராம தீட்சிதர் இசைந்தார். 1904இல் சங்கீத சம்பிரதாய பிரதர்சினி வெளிவந்தது. அதற்குள் வாழ்க்கைக் குறிப்புகளையும் அவர் எழுதினார். யார் யாரிடம் கற்றார், எந்த ஊர், யாருடைய பிள்ளை. இரண்டு ஆண்டில் சுப்பராம தீட்சிதர் காலமானார். அந்த இரண்டு ஆண்டு தவறியிருந்தால் நம் இசை வரலாற்றில் எத்தனை பேர் பெயரில்லாதவர்களாகியிருப்பார்கள் என்று நினைத்தாலே எனக்கு நெஞ்சு பதறுகிறது.

எங்கள் பக்கத்து அக்ரகாரத்தில் ஒரு சாஸ்திரிகள் இருந்தார். இரவு பத்து மணிக்கு மேல் அவர் வீட்டுப் பூஜை மணிச் சத்தம் தெரு முனைவரைக்கும் கேட்கும். நான் போய்க் கேட்டேன், உங்களுக்குக் குரு யார், எந்த வருடம் என்று. "மந்த்ரத்தக் கேட்டா சொல்லப்டாது டீச்சரம்மா. இது வெறும் பேருதானே, சொல்றேன்" என்று தொடங்கி, நான்கு தலைமுறைக் குரு வரிசையைச் சொன்னார். நடுவில் ஒரு விதவைப் பாட்டியும் இருந்தார், அவரும் தீட்சை கொடுத்தவராம். எல்லாம் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன், மரப்பெட்டியில் இருக்கிறது என்றார். அவர் காலமானார். வீட்டை விற்றார்கள். பெட்டிக்குள் இருந்த நோட்டுகள் பழைய பேப்பர் கடைக்குப் போய்விட்டன. பிள்ளைகள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அது என்னவென்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதே மரபு என்று அந்த வீட்டில் வளர்ந்தவர்கள்.

இப்படி ஒவ்வொரு வீடாகக் காலியாகும்போது அந்த இடத்துக்கு வேறு ஒன்று வருகிறது. ஒரே நாளில் ரகசிய தீட்சை, கட்டணம் இவ்வளவு என்று கைபேசியில் விளம்பரம் வருகிறது. குரு வரிசை கேட்டால் ஏதோ நான்கு பெயரைச் சொல்கிறார்கள். பொய் என்று எப்படிச் சொல்வது? ஒப்பிட்டுப் பார்க்க நம்மிடம் பட்டியல் இல்லையே. மித்ராஸுக்கு நடந்ததுதான் இது. உள்ளிருந்தவர்கள் எதையும் விட்டுப்போகாததால், வெளியே இருப்பவன் இஷ்டத்துக்குச் சொல்கிறான்.

எழுதினால் ரகசியம் கெடும் என்பார்கள். பெரியவர்கள் மனம் நோகாமல் அதற்கு ஒரு பதில் இருக்கிறது. மந்திரத்தைத் தொட வேண்டாம். நியாச முறைகளை, யந்திரத்தை, பூஜைக் கிரமத்தைத் தொட வேண்டாம், வீட்டாருக்கு விருப்பம் இருந்தாலொழிய. சுற்றியிருக்கும் மனிதர்களைப் பற்றி எழுதுவோம். யாரிடம், எந்த ஊரில், எந்த வருடம் தீட்சை. தீட்சைப் பெயர் என்ன. அந்த வீட்டுப் பெண்களில் யாருக்குக் கிடைத்தது, யாருக்கு மறுக்கப்பட்டது. பூஜைக்குத் தாமரை கொண்டுவந்தவர் யார், எந்தக் குளத்திலிருந்து. வாசலில் நாகஸ்வரம் வாசித்தவர் யார். கடைசிக் கேள்விகள் சிறியவையாகத் தெரியலாம். என் தாத்தா போன்றவர்கள் வரலாற்றில் நுழைகிற வழி அதுதான்.

வருடத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை, பழைய நோட்டுகளைத் திறக்கிறவர்களுக்கு. சுக்கில வருஷம் ஆவணி மாதம் என்று மட்டும் எழுதியிருப்பார்கள். சுக்கில வருஷம் 1929இலும் வந்தது, 1989இலும் வந்தது. எந்தச் சுக்கிலம் என்று சொல்லக்கூடியவர்கள் இப்போது எண்பதைத் தாண்டியவர்கள். அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஆங்கில வருடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும், இந்த ஆண்டே.

ஓலைச்சுவடிகளுக்காவது ஆள் இருக்கிறார்கள். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1955இலிருந்து ஊர் ஊராகப் போய்ச் சைவ ஆகமச் சுவடிகளைச் சேர்த்தது. புதுச்சேரியில் இருக்கும் ஏறத்தாழ 11,000 சைவச் சுவடிகளை யுனெஸ்கோ 2005இல் உலக நினைவகப் பதிவேட்டில் சேர்த்தது. தஞ்சாவூரில் சரஸ்வதி மகால் இருக்கிறது. 20ஆம் நூற்றாண்டின் கோடு போட்ட நோட்டுகளுக்கும், அரைத்தாள் கடிதங்களுக்கும், பாட்டிமார் வாய்ப்பேச்சுக்கும்தான் வீடு இல்லை. சுவடி என்றால் பழமை, நோட்டு என்றால் குப்பை என்று நினைக்கிறோம். எங்களுக்கு எட்டும் தூரத்தில், நீலக்குடியில் தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகம் இயங்குகிறது. அங்கே படிக்கும் பிள்ளைகள் பேரளம், பூந்தோட்டம், நன்னிலம் என்று ரயில் பாதையோர ஊர்களில் ஒரு கோடை விடுமுறை முழுக்கச் சுற்றினால், இன்னும் உயிரோடிருக்கும் நினைவுகளில் பெரும்பகுதியைப் பதிந்துவிடலாம். ஆதீனங்கள் தங்கள் தீட்சைப் பதிவுகளை, பெயரும் ஊரும் வருடமும் மட்டும், ஆய்வாளருக்குத் திறந்துவிட வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். பெண்கள் பெயரை விடாமல் சேர்க்க வேண்டும் என்பதைப் பணிவில்லாமலும் கேட்பேன்.

நிறுவனங்கள் அசைய நாளாகும். வீடுகளுக்கு அது தேவையில்லை. புரட்டாசியில் கொலு பொம்மை எடுக்கப் பரண் ஏறுவீர்கள். அங்கே தாத்தாவுடையதோ பாட்டியுடையதோ ஒரு பெட்டி இருந்தால், நோட்டின் முதல் பக்கத்தைப் பாருங்கள். குரு வணக்கமும் குருவின் பெயரும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். அந்த ஒரு பக்கத்தைக் கைபேசியில் படம் எடுத்து, யார் கையெழுத்து, எந்த ஊர், எந்த வருடம் என்று கீழே தமிழில் தட்டச்சு செய்து, தஞ்சாவூருக்கோ நீலக்குடிக்கோ ஒரு கடிதத்தோடு அனுப்புங்கள். மற்றப் பக்கங்களை யாரும் கேட்கவில்லை. பெட்டியைப் பூட்டி, சாவி எங்கே இருக்கிறது என்று வீட்டில் இளையவர் ஒருவரிடம் சொல்லிவையுங்கள்.